பழைய வானொலிப் பெட்டிக்கு மெருகேற்றுவது எப்படி?

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருபது வருடங்களாகத் துணியால் மூடிக் கிடந்தது. சிறுவயதில் அதை ஏதோ உடுப்புப் பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். ராத்தாவின் கலியாணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கியபோது அது கீழே இறங்கியது. "இனி என்னத்துக்கு இது? பழைய சாமான் லொறிக்குக் குடுப்பம்" என்றார் வாப்பா. உம்மா பதில் சொல்லவில்லை. மூத்தம்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டு, "அது கிடந்துட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

"எனக்கு ஒரு மாசம் தாங்க வாப்பா. புதுசாக்கிக் காட்டுறன்" என்று இடையில் புகுந்தேன். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் துணிச்சல் அது. ஆகஸ்ட் விடுமுறை முழுவதும் அந்தப் பெட்டியோடு கழிந்தது. நான் கற்றுக்கொண்டவற்றையும், செய்த தவறுகளையும் வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம்.

பெட்டியின் பின்னணி

நம் நாட்டில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கொழும்பில் தொடங்கியது. 'ரேடியோ சிலோன்' என்ற பெயரில் கடல் கடந்தும் கேட்கப்பட்ட அந்த நிலையம், 1967இல் கூட்டுத்தாபனமாக மாறியது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்றோரின் குரல்களை எங்கள் மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அக்காலத்து வானொலி, சட்டைப்பையில் போடும் பொருளாக இருக்கவில்லை. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் போன்ற வால்வுகள் இருந்தன. ஆளியைப் போட்டால் அவை சூடாகிய பிறகுதான் சத்தம் வரும். அந்த வால்வுகளையும் பெரிய ஒலிபெருக்கியையும் கொள்ளும் அளவுக்கு ஒரு பெட்டி வேண்டும். அதனால் கதிரை, மேசைபோல அதுவும் வீட்டுத் தளபாடங்களில் ஒன்றாக, மரத்தில் செய்து மினுக்கப்பட்டு, விறாந்தையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டது.

எங்கள் பெட்டியை மூத்தாப்பாவின் வாப்பா 1960 அளவில் நெல் விற்ற காசில் வாங்கினாராம். மூத்தாப்பா மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது. பின்னொரு காலத்தில் வால்வு எரிந்துபோனது. மாற்று வால்வு கிடைக்கவில்லை. ஆனாலும் அதை அவர் அகற்றவில்லை. அதன் மேல் ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் வானொலியை வைத்துக் கேட்டார். பெரிய வானொலி சின்ன வானொலிக்கு மேசையாகிவிட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. எங்கள் வீடு கரையிலிருந்து தள்ளி இருந்தும், தண்ணீர் மேசைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஏறியது. ட்ரான்சிஸ்டர் அள்ளுண்டு போனது. பாரமான பெட்டி நகராமல் இருந்தது. மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்த மூத்தாப்பா திரும்பி வரவில்லை. நான் பிறப்பதற்கு முன் நடந்தவை இவை.

முதலில் கழற்றுங்கள்

பழைய வானொலியை ஒருபோதும் மின்னில் செருகிப் பார்க்கக் கூடாது. வால்வு வானொலிகளுக்குள் 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. பழுதான கொள்ளளவிகள் சூடாகி வெடிக்கலாம். சில வகைகளில் உள்ளேயுள்ள உலோகச் சட்டகமே நேரடியாக மின்னோடு தொடுக்கப்பட்டிருக்கும். அண்மையில் பாவித்த பெட்டி என்றால், இணைப்பைக் கழற்றிய பிறகும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட வேண்டும். எங்கள் பெட்டியை மின் வேலை தெரிந்த என் மாமா திறந்து தந்தார்.

முன்பக்கக் குமிழ்கள் சிறு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தளர்த்தி இழுத்தோம். அடியிலிருந்த நான்கு ஆணிகளைக் கழற்றியதும் சட்டகம் முழுதாகப் பின்பக்கமாக வெளியே வந்தது. பிறகு ஒலிபெருக்கி, அதன் முன்னிருந்த துணி, டயல் கண்ணாடி. கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் தனித்தனிச் சோகோலேற் டப்பாக்களில் போட்டு, எந்த இடத்து ஆணி என்று எழுதி வைத்தேன். தொலைபேசியில் படமும் எடுத்தேன். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் பூட்டும்போதுதான் அந்த எழுத்தின் அருமை தெரிந்தது.

டயல் கண்ணாடி பற்றி ஒரு எச்சரிக்கை. 25, 31, 41, 49 மீற்றர் என்ற எண்களும் நகரங்களின் பெயர்களும் அதன் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஈரத் துணியால் பின்புறத்தைத் துடைத்தால் அந்த எழுத்துகள் துணியோடு வந்துவிடும். முன்புறத்தை மட்டும் துடைக்க வேண்டும். எங்கள் கண்ணாடியில் கீழ்வரிசையைக் கடலே துடைத்துவிட்டது. மேல்வரிசையைத் தொடாமல் பழைய துணியில் சுற்றி வைத்தேன்.

உப்பை வெளியேற்றல்

கடல் நீர் காய்ந்தாலும் உப்பு மரத்துக்குள் இருக்கும். கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மகனீசியம் குளோரைட்டும் உண்டு. இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாரி காலத்தில் குசினியில் உப்புப் போத்தல் கசிவதற்குக் காரணம் இதுதான். உப்புத் தங்கிய மரம் ஒவ்வொரு மாரிக்கும் நனைந்து, ஒவ்வொரு கோடைக்கும் காயும். அதன் மேல் எந்தப் பூச்சும் நிலைக்காது.

நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, சொட்டாதவாறு நன்றாகப் பிழிந்து, பெட்டியின் கீழ்ப்பாதியைத் துடைத்தேன். துடைத்த தண்ணீரை ஒவ்வொரு முறையும் மாற்றினேன். ஐந்து நாட்களுக்குக் காலையில் துடைப்பதும், நிழலில் காயவிடுவதுமாக இருந்தது. வெயிலில் வைத்தால் மரம் ஒரு பக்கமாக விரைவில் காய்ந்து வளையும், வெடிக்கும். கடைசி நாளில் துணியில் வெண்மை ஒட்டவில்லை.

மேல்பாதியில் உப்பு இல்லை. அங்கே இருபது வருடத்துத் தூசியும் குசினிப் புகையின் பிசுக்கும்தான். சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதுமானதாக இருந்தது. அழுக்குப் போனபோது மேல்தட்டில் இரண்டு அடையாளங்கள் தெரிந்தன. நடுவில் சுற்றியுள்ள மரத்தைவிடக் கருமையான ஒரு நீள்சதுரம். அதன் இடப்பக்கத்தில் கிளாஸ் ஒன்றின் அடி அளவில் ஒரு வெள்ளை வளையம்.

நீள்சதுரம் என்னவென்று விளங்கியது. யன்னல் வெளிச்சம் பட்டு மரம் நிறம் மங்கும். ட்ரான்சிஸ்டர் இருந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் படவில்லை. வெள்ளை வளையத்தை நான் பெரிதாக எண்ணவில்லை. திருத்த வேண்டிய குறைகளின் பட்டியலில் அதையும் எழுதிக்கொண்டேன்.

மேலே இருக்கும் பூச்சு எது?

மெருகேற்றும் வேலையில் முதற் கேள்வி இதுதான். மரத்தின் மேல் ஏற்கெனவே பூசப்பட்டிருப்பது எது என்று அறியாமல் எதையும் பூசவோ நீக்கவோ கூடாது. அதை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில், பின்பக்க விளிம்பு போன்ற இடத்தில், பஞ்சில் ஒரு துளி மெதிலேற்றிய ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது நைத்திரோசெலுலோசு லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வேறு வகை வார்னிஷ்.

எங்கள் பெட்டியில் மேற்படை ஸ்பிரிட்டில் இளகியது. அதன் கீழிருந்த படை ஸ்பிரிட்டில் இளகவில்லை, தின்னரில் இளகியது. எனக்குக் குழப்பமாக இருந்தது. அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓடாவியாரிடம் தம்பியை அனுப்பி அழைத்து வந்தோம். அவர் விரல் நகத்தால் ஒரு முறை கீறிப் பார்த்தார்.

"அடிப்படை கம்பனி அடிச்சது மகள். மேல உள்ளது ஊருப் பொலிஷ். உங்கட மூத்தாப்பாட கலியாணத்துக்கு என்ட வாப்பா இந்த வீட்டு வேலை எல்லாம் செஞ்சவர். இது அவர்ட கையாத்தான் இருக்கும்" என்றார். பிறகு சிறிது நேரம் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றார். இந்த வேலைக்கு அவர் கூலி வாங்க மறுத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அரக்கு என்பது ஒரு சிறிய பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின். மாத்தளைப் பக்கத்தில் ஹப்புவிட கிராமத்துக் கைவினைஞர்கள் நிறமேற்றிய அரக்கால் அழகிய பொருட்கள் செய்கிறார்கள். பழைய கிராமபோன் இசைத்தட்டுகளும் அரக்குக் கலவையில்தான் வார்க்கப்பட்டன. சுத்திகரித்த அரக்கு செதில்களாக வரும், ஸ்பிரிட்டில் கரையும். மரத்தில் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகிப் போக, பிசின் மட்டும் மெல்லிய தோலாக எஞ்சும். இதன் பெரிய நன்மை, பழைய படையும் புதிய படையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரே படையாகிவிடும். பெரிய பலவீனம் நீர். ஈரமான கிளாஸை வைத்தால் ஈரம் பூச்சுக்குள் புகுந்து வெண்மையாகத் தெரியும்.

கழன்ற வெனியரை ஒட்டுதல்

இவ்வகைப் பெட்டிகள் முழு மரத்தில் செய்யப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. அதன் மேல், அழகிய வரியோட்டம் உள்ள மரத்தைத் தாள்போலச் சீவி ஒட்டியிருப்பார்கள். இந்தத் தாளுக்கு வெனியர் என்று பெயர். தடிப்பு ஒரு மில்லிமீற்றர்கூட இராது. பழைய வேலைகளில் அதை ஒட்ட வச்சிரம் பாவித்தார்கள். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. சூட்டிலும் நீரிலும் இளகுவது அதன் இயல்பு. அதனால்தான் கடல் நீர் நின்ற உயரம் வரைக்கும் வெனியர் கொப்பளித்து, அலையலையாக எழும்பியிருந்தது.

அந்த இயல்பையே திருத்தவும் பயன்படுத்தலாம். பசை இன்னும் எஞ்சியிருக்கும் இடத்தில், நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, அயன் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து மெதுவாக அழுத்தினேன். பசை இளகி, வெனியர் மறுபடி படிந்தது. சூடு ஆறும் வரை பலகை வைத்து அதன் மேல் செங்கல் பாரம் ஏற்றினேன். சூடும் ஈரமும் அரக்கை வெளிறச் செய்யும். கீழ்ப்பாதியில் பூச்சு ஏற்கெனவே பழுதாகியிருந்ததால் அது பொருட்டாகவில்லை. நல்ல பூச்சுள்ள இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

பசை முழுதாகக் கரைந்துபோன இடங்களில் புதிய மரப்பசை தேவைப்பட்டது. பார்மசியில் வாங்கிய ஊசிச் சிரிஞ்சில் பசையை எடுத்து, கொப்புளத்தை மரவரியின் வழியே கூரிய பிளேட்டால் மெல்லக் கீறி, உள்ளே செலுத்தினேன். மேலே மெழுகுத்தாள் வைத்து, ஓடாவியார் தந்த கிளாம்ப்பால் ஒரு நாள் முழுவதும் இறுக்கி வைத்தேன். மெழுகுத்தாள் வைக்க மறந்தால் பலகையும் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். முன்பக்க அடியில் தீப்பெட்டி அளவு வெனியர் காணாமலே போயிருந்தது. அந்த இடத்துக்கு ஓடாவியார் ஒரு தேக்குத் துண்டைச் சீவித் தந்தார். வரியோட்டம் ஒரே திசையில் இருக்குமாறு பதித்தேன்.

அரத்தாளும் முதல் தவறும்

கீழ்ப்பாதியிலும் பக்கங்களிலும் வெடித்துச் செதிலான பழைய பூச்சை முற்றாக நீக்க வேண்டியிருந்தது. துணியில் தின்னர் தொட்டு, சிறு சிறு பகுதிகளாக இளக்கித் துடைத்தெடுப்பதே நல்ல முறை. தின்னர் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதி. வீட்டுக்கு வெளியே, அடுப்பிலிருந்து தூரத்தில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து செய்ய வேண்டும்.

எனக்குப் பொறுமை போதவில்லை. இரண்டாம் நாளே 80 இலக்க அரத்தாளை எடுத்து இடப்பக்க மூலையைத் தேய்க்கத் தொடங்கினேன். அரத்தாளின் இலக்கம் குறையக் குறைய அது முரடாகும். 80 என்பது முரட்டுத் தாள். பத்து நிமிடத்தில் பூச்சுப் போனது. கூடவே ஒரு வெளிறிய திட்டும் தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க அது பெரிதானது. வெனியரைத் தாண்டி ஒட்டுப்பலகை வரை தேய்த்துவிட்டேன்.

ஓடாவியார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சுரண்டச் சுரண்ட மரம் இருக்கும் என்டு நினைச்சியா மகள்? இதுல நல்ல மரம் என்டுறது தோல் மட்டும்தான்" என்றார். பிறகு அரக்கில் கபிலச் சாயம் கலந்து, மெல்லிய தூரிகையால் மரவரிபோலக் கோடு கோடாக அந்தத் திட்டில் இழுக்கக் காட்டித் தந்தார். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. கிட்டப் போனால் எனக்குத் தெரியும்.

வெனியரில் 240 இலக்கத்துக்கு முரடான தாளைத் தொடாதீர்கள். தாளை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றி, மரவரியின் திசையிலேயே தேய்க்க வேண்டும். மூலைகளிலும் வளைவுகளிலும் கட்டையின்றி விரலால் இரண்டே இழுப்பு.

அரக்குப் பூசுதல்

250 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டுக்கு 30 கிராம் அரக்குச் செதில் என்ற அளவில் கண்ணாடிப் போத்தலில் இட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் மெல்லிய துணியில் வடித்தேன். தேவைக்கு அதிகமாகக் கரைத்து வைக்கக் கூடாது. அரக்கிலுள்ள அமிலக் கூட்டங்கள் மதுசாரத்தோடு மெல்ல மெல்லத் தாக்கமுற்று எசுத்தராகும். மாதக்கணக்கில் வைத்த கரைசல் பூசினால் காயாமல் பிசுபிசுக்கும். பாடப் புத்தகத்தில் படித்த எசுத்தரை முதன்முதலாக நான் நேசித்தது அப்போதுதான். மெதிலேற்றிய ஸ்பிரிட்டில் மெதனோல் என்ற நஞ்சு கலந்திருக்கும். சிறு பிள்ளைகள் எடுக்க முடியாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

பூசுவதற்குத் தூரிகையைவிடப் பஞ்சுப்பொட்டலம் நல்லது. பஞ்சை உருட்டி, பழைய பருத்தித் துணியில் சுருக்கமின்றிக் கட்டி, பஞ்சில் கரைசலை ஊற்ற வேண்டும். துணி வழியே கசிவது மட்டும் மரத்தில் படட்டும். நீளமாக, ஒரே ஓட்டத்தில் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் பொட்டலம் ஒட்டிக்கொண்டு வடு விழும். ஒரு படை காய ஏறத்தாழ ஒரு மணி நேரம். மூன்று படைகளுக்கு ஒரு முறை 400 இலக்கத் தாளால் இலேசாகத் தடவி, தூசு துடைத்து, மறுபடி பூசினேன். மொத்தம் ஒன்பது படைகள்.

காலநிலையையும் கவனிக்க வேண்டும். மாரியில் பூசினால், ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சுப் பால்போல வெளுக்கும். ஆகஸ்ட் மாதம் எங்கள் பகுதியில் வரண்டது. ஆனால் கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பூச்சில் ஒட்டும். அதனால் காற்று எழும்புவதற்கு முன், சுபஹு முடிந்து வெளிச்சம் வந்ததும் பூசத் தொடங்கி, எட்டு மணிக்கு முன் நிறுத்திவிடுவேன்.

மேல்தட்டு

பக்கங்களும் முன்பக்கமும் முடிந்த பின் மேல்தட்டு மட்டும் மிஞ்சியது. அங்கே பூச்சு உறுதியாகவே இருந்தது. சுரண்டத் தேவையில்லை. ஸ்பிரிட் தொட்ட பொட்டலத்தால் இலேசாகத் தடவினால் பழைய அரக்கு இளகி, தன்னைத்தானே சமப்படுத்திக்கொள்ளும். உள்ளே சிறைப்பட்ட ஈரம் வெளியேறி, வெள்ளை வளையமும் மறையும். கிளாஸ் வளையங்களில் வெள்ளை வளையமே திருத்துவதற்கு மிக எளிது. கறுப்பு வளையம் என்றால் நீர் மரம் வரை இறங்கி, மரத்திலுள்ள தனின் என்னும் பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கும். அதைப் போக்க ஒட்சாலிக் அமிலம் தேவைப்படும், அது நஞ்சு. எனது வளையம் வெறும் வெள்ளை. ஒரு நிமிட வேலை.

பொட்டலத்தை வளையத்தின் ஓர் ஓரத்தில் ஒரு முறை இழுத்தேன். அந்த இடத்தில் வெண்மை உடனே மறைந்தது. சந்தோஷத்தில், "மூத்தம்மா, இங்க வந்து பாருங்க!" என்று கூப்பிட்டேன்.

மூத்தம்மா விறாந்தைக்கு வந்தார். பெட்டியைப் பார்த்தார். அதுவரை அந்தத் துணியை விலக்கி அவர் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியாது. என் கையைப் பிடித்தார்.

"அதுல கை வைக்காத மகள். அது மூத்தாப்பாட நோன்பு கிளாஸ்."

பிறகு மெதுவாகச் சொன்னார். நோன்பு காலத்தில் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னதாகவே மூத்தாப்பா பேரீச்சம்பழத்தோடும் ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரோடும் வந்து வானொலிக்குப் பக்கத்தில் உட்காருவாராம். வானொலியில் பாங்கு சொல்லும் வரை கிளாஸ் பெட்டியின் மேல் இருக்கும். எப்போதும் அதே இடம். "பிளேட் ஒன்டு வச்சு வைங்க, பொலிஷ் பழுதாகுது என்டு எத்தனை தரம் ஏசியிருப்பன்" என்றார். "கேட்டாத்தானே."

அந்த வருடம் நோன்பு ஒக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிந்தது. பெருநாள் முடிந்து ஆறு வாரத்தில் கடல் வந்தது. மேசைக்கு மேல் ஒரு சாண் ஏறிய தண்ணீர் மேல்தட்டை மட்டும் தொடவில்லை.

நான் அழித்தது விரல் நகத்தின் அகலம் இருக்கும். அதை மறுபடி உண்டாக்க என்னிடம் வழியில்லை. அந்த இடத்தில் ஈரக் கிளாஸை வைத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அப்படி வருவது என்னுடைய வளையமாக இருக்கும். மூத்தம்மா ஏசவில்லை. விடுபட்ட அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிவிட்டு, தொழுகைக்கு நேரமாகிறது என்று உள்ளே போனார்.

மூலையில் வெனியரைத் தேய்த்த தவறுக்குச் சாயம் இருந்தது. இதற்கு இல்லை. வேலை தொடங்குவதற்கு முன் பூச்சைச் சோதிக்க ஒரு துளி ஸ்பிரிட் போதுமென்று எழுதினேன். அதோடு இன்னொரு சோதனையும் உண்டு. பெட்டியில் தெரியும் ஒவ்வொரு அடையாளத்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டு மூத்தவர்களிடம் கொண்டுபோய், இது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். நான் பட்டியல் எழுதினேன், ஒருவரிடமும் காட்டவில்லை.

கடைசி வேலை

மேல்தட்டில் புதிய அரக்குப் பூசவில்லை. தேன்மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து அப்பால் கொண்டுபோன பிறகு டர்பன்டைன் கலந்து, ஆறவிட்டால் மென்மையான மெழுகுப்பசை கிடைக்கும். அதை மெல்லிய துணியில் தொட்டுத் தடவி, அரை மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் மினுக்கினேன். நீள்சதுரத்தின் கருமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. வளையத்தின் மேல் மெழுகும் படாமல் பார்த்துக்கொண்டேன். எண்ணெய்த் தன்மை உள்ளே புகுந்தாலும் வெண்மை மங்கக்கூடும்.

பெட்டியைப் பூட்டி முடித்ததும் வாப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கங்கள் கண்ணாடிபோல மின்ன, மேல்தட்டு மட்டும் பழையதாக இருந்தது. "புதுசாக்கிறன் என்டாய், மேல் பக்கத்தை விட்டுட்டியே?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்குவதற்கு முன் உம்மா அவருக்கு வளையத்தைக் காட்டினார். வாப்பா பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை விறாந்தையில் பழைய மேசையிலேயே தூக்கி வைத்தார்.

ராத்தாவின் கலியாணம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களில் வயதானவர்கள் பெட்டிக்கு முன் நின்று நின்று போனார்கள். உள்ளே வால்வுகள் இல்லை; அது பாடாது. நோன்பு வந்தபோது மாமா ஒரு சின்ன வானொலி வாங்கி வந்து, கருமையான நீள்சதுரத்தின் மேல் வைத்தார். அளவு கொஞ்சம் சிறியது. முதல் நோன்பன்று மூத்தம்மா அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த கிளாஸுக்கு அடியில் ஒரு பிளேட் இருந்தது.

மெருகேற்றிய பெட்டியைப் பராமரிப்பது கடினமல்ல. நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். ஸ்பிரிட் கலந்த கை கழுவும் திரவங்களையும் வாசனைத் திரவியங்களையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். ஒரு துளி விழுந்தாலும் அரக்கு இளகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெழுகு தடவினால் போதும். எங்கள் வீட்டில் அந்த வேலை இப்போது தம்பியுடையது. மேல்தட்டின் இடப்பக்கத்தில் வளையத்தைச் சுற்றித் தடவ வேண்டும், அதன் மேல் அல்ல என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.